பணம் கொடுக்க நாங்கள், முடிவெடுக்க யாரோ

காரைக்குடிப் பக்கம் சங்கம் இல்லாத தெருவைத் தேடித்தான் பார்க்க வேண்டும். குடியிருப்போர் சங்கம், வர்த்தகர் சங்கம், மகளிர் குழு, இளைஞர் மன்றம், கோயில் கமிட்டி என்று ஏதாவது ஒன்று இருக்கும். ஊருணியைத் தூர்வார வேண்டுமா, பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் எழுப்ப வேண்டுமா, மரக்கன்று நட ஆள் வேண்டுமா, முதல் போன் சங்கக்காரர்களான எங்களுக்குத்தான் வரும். "நீங்கள்லாம் பெரிய மனசு பண்ணணும்" என்பார்கள். பண்ணுகிறோம். ஆனால் எந்த ஊருணிக்கு முதலில் நிதி, எந்தத் தெருவை எப்போது தோண்டுவது, குப்பையைக் கொண்டுபோய் எங்கே கொட்டுவது என்று முடிவெடுக்கும் நாளில் ஒருவரும் கூப்பிடுவதில்லை. தீர்மானம் நிறைவேறிய பிறகு மறுநாள் பேப்பரில் படித்துத் தெரிந்துகொள்கிறோம்.

காரைக்குடி யாரோ தூக்கிவிட்டுத்தான் எழுந்த ஊர் அல்ல. 1917-இல் இந்து மதாபிமான சங்கம், 1939-இல் சா. கணேசனின் கம்பன் கழகம் என்று ஊர்க்காரர்களே கூடித் தொடங்கியவை இன்றும் ஊரின் அடையாளம். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கே வந்ததற்கு வள்ளல் அழகப்பர் கொடுத்த 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் காரணம். இப்படிப்பட்ட ஊரில் பொதுக்காரியத்தைப் பற்றிப் பேச மக்களுக்குத் தகுதி இல்லையா?

'நமக்கு நாமே' திட்டம் 1997-98-இல் வந்தது, 2021-இல் மறுபடி உயிர்பெற்றது. பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால், மீதியை அரசு போடும். நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. என் ஆதங்கம் வேறு. எங்கள் பணத்தை வாங்க விதி இருக்கிறது, படிவம் இருக்கிறது, ரசீது இருக்கிறது. எங்கள் கருத்தை வாங்கவும் அதே அக்கறை ஏன் இல்லை?

சட்டம் இல்லை என்றும் சொல்ல முடியாது. 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது. மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள் உள்ள நகரங்களுக்கு வார்டு குழு கட்டாயம் என்றது. தமிழ்நாடு 2022-இல் விதிகள் வகுத்துச் சிறு நகரங்களுக்கும் வார்டு குழு, வார்டுக்குள் வாக்காளர்கள் கூடும் பகுதி சபை என்று கொண்டுவந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, சென்னையை அடுத்த பம்மலில் நடந்த பகுதி சபையில் முதலமைச்சரே உட்கார்ந்து குறை கேட்டார். மனம் நிறைந்தது. ஆனால் அந்தச் சபையின் பிரதிநிதியை அந்தப் பகுதி மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, நகர மன்றம் நியமிக்கிறது. சபை சொல்வதைக் கேட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் மன்றத்துக்கு இல்லை. அப்புறம் எதை நம்பி மக்கள் வருவார்கள்?

2024-இல் காரைக்குடி மாநகராட்சி ஆனது. கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளையும் சங்கராபுரம் உள்ளிட்ட சில ஊராட்சிகளையும் சேர்த்துத்தான் இந்த எல்லை. ஊராட்சியாக இருந்தவரை அந்த மக்களுக்குக் கிராம சபை இருந்தது. ஆண்டுக்கு ஆறு நாள், எந்த வாக்காளரும் எழுந்து நின்று வரவு செலவைக் கேட்கலாம், தீர்மானத்தைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லலாம். நகரத்தோடு சேர்ந்ததும் அந்த உரிமை போய்விட்டது, நூறு நாள் வேலையும் போனது. ஊர் பெரிதாகப் பெரிதாக ஊராரின் வாய் சின்னதாவதா வளர்ச்சி?

"நாங்கள் ஓட்டு வாங்கி வந்தவர்கள், சங்கக்காரர்களை யார் தேர்ந்தெடுத்தார்கள்?" என்று கவுன்சிலர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். முடிவெடுக்கும் அதிகாரம் அவர்களிடமே இருக்கட்டும். முடிவுக்கு முன்னால் கேளுங்கள் என்றுதான் சொல்கிறோம். செட்டிநாட்டு நகரத்தாரின் கோயில் வழக்கத்தில், குடும்பத்துக்கு இவ்வளவு என்று புள்ளி வரி கொடுத்தவருக்குக் கூட்டத்தில் கணக்குக் கேட்கும் உரிமையும் உண்டு. அது ஒரு சமூகத்து ஆண்களோடு நின்றுபோன வழக்கம். பகுதி சபையோ சாதி, ஆண், பெண் பாராமல் எல்லா வாக்காளருக்கும் உரியது. காரைக்குடி செஞ்சையில் குடம் தூக்கும் பெண்ணுக்குத் தெரிகிற தண்ணீர்க் கணக்கு எந்தக் கோப்பிலும் இருக்காது. அவளைக் கேட்காமல் குழாய் போடுவது பணத்துக்கும் நஷ்டம், ஊருக்கும் நஷ்டம்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. பகுதி சபை கூடும் தேதியை ஒரு வாரம் முன்பே தெருவில் ஒட்டுங்கள். பிரதிநிதியை அந்தப் பகுதிச் சங்கங்களையும் மகளிர் குழுக்களையும் கலந்து நியமியுங்கள். சபை சொன்னதில் எதை ஏற்றீர்கள், எதை ஏன் ஏற்கவில்லை என்று எழுத்தில் பதில் கொடுங்கள். சங்கக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பொன்னாடைக்கும் போட்டோவுக்கும் கூப்பிட்டால் மட்டும் போகாமல், அடுத்த பகுதி சபைக்கு உங்கள் தெருவின் தேவைகளைப் பட்டியல் எழுதி எடுத்துக்கொண்டு எல்லோருமாகப் போங்கள். கொடுத்த மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.