உரிமத்திற்காக மட்டும் மாத்திரையா?

என் அப்பா லோரி ஓட்டுநர். ஜொகூரில் சரக்கு ஏற்றினால் பினாங்கில் இறக்க ஏறக்குறைய 700 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். ஜிடிஎல் உரிமத்திற்கான மருத்துவப் பரிசோதனை நெருங்கும்போதுதான் அவர் இரத்த அழுத்த மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவார். வீட்டில் கருவாடும் ஊறுகாயும் காணாமல் போகும். பாரத்தில் மருத்துவர் கையெழுத்திட்டதும் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

ஏன் என்று ஒருநாள் கேட்டேன். “மாத்திரை போட்டா அடிக்கடி ஒன்னுக்கு வருதுய்யா. நெடுஞ்சாலையில எங்க நிறுத்துறது?” என்றார். அவருக்கு நடைக்குத்தான் கூலி. வழியில் நின்றால் நேரம் போகும். கிளினிக்கில் காத்திருந்தால் ஒரு நாள் வருமானமே போகும். அழுத்தம் அதிகம் என்று தெரிந்தால் வேலையே போய்விடுமோ என்ற பயம் வேறு.

இந்தப் பயம்தான் ஆபத்தானது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் பத்துப் பேரில் மூவருக்கு உயர் இரத்த அழுத்தம் உள்ளது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. அழுத்தம் 140/90-ஐத் தாண்டினாலும் பெரும்பாலும் உடம்பு எதையும் காட்டிக்கொடுக்காது. பக்கவாதம் வரும்போது கை ஸ்டீயரிங்கில் இருந்தால், போவது ஓர் உயிர் மட்டுமல்ல.

பரிசோதனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது ஒரு நாள் அளவை மட்டுமே காட்டுகிறது. மற்ற நாள்களை யார் பார்ப்பது? மாத்திரையால் அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருப்பவரை நம்பி வண்டியைக் கொடுக்கலாம். மறைப்பவரிடம்தான் ஆபத்து. ஆகவே நிறுவனங்கள் லோரி நிறுத்துமிடத்தில் ஓர் இரத்த அழுத்தக் கருவி வைக்கட்டும். கிளினிக் போகும் நாளுக்குச் சம்பளம் பிடிக்காமல் இருக்கட்டும். உண்மையைச் சொல்லும் ஓட்டுநருக்கு வேலை உறுதி வேண்டும்.

பிள்ளைகளாகிய நமக்கும் பங்குண்டு. சென்ற மாதம் அப்பாவுடன் நானும் அரசாங்க கிளினிக்கிற்குச் சென்றேன். பதிவுக்கட்டணம் ஒரு வெள்ளிதான். “அப்பா நெடுந்தூரம் லோரி ஓட்டுகிறார்” என்று சொன்னதும் மருத்துவர் வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார். இத்தனை வருடம் அப்பா அதைச் சொன்னதும் இல்லை. யாரும் கேட்டதும் இல்லை.

உங்கள் வீட்டிலும் லோரியோ பேருந்தோ ஓட்டுபவர் இருந்தால், அடுத்த முறை நீங்களும் உடன் செல்லுங்கள்.