டிஜிட்டல் ஒளிபரப்பும் ஊவாவின் லயன் கூரைகளும்

இலங்கையின் தரைவழித் தொலைக்காட்சி ஒளிபரப்பை டிஜிட்டல் முறைக்கு மாற்றும் பேச்சு தொடங்கி ஒரு தசாப்தத்துக்கு மேலாகிவிட்டது. 2014 செப்டெம்பரில் ஜப்பானியப் பிரதமர் ஷின்சோ அபே கொழும்புக்கு வந்திருந்த வேளையில், ஜப்பானின் ஐ.எஸ்.டி.பி.-ரி தொழில்நுட்பத்தைப் பின்பற்றி இம்மாற்றத்தைச் செய்வதற்கு ஏறத்தாழ 1,370 கோடி யென் கடனுதவி வழங்க இணக்கம் காணப்பட்டது. பின்னர் ஆட்சிகள் மாறின. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன்களை மீளச் செலுத்துவது இடைநிறுத்தப்பட்டதையடுத்து ஜப்பானியக் கடன்திட்டங்களும் தடைப்பட்டன. அவற்றை மீளத் தொடங்கும் அறிவிப்பு 2024 ஜூலையில் வெளியானது. ஆகவே அனலொக் ஒளிபரப்பு நிறுத்தப்படும் நாள் தள்ளிப் போகலாமே தவிர, வராமல் போகாது.

அந்த நாளில் பதுளையின் மலைச்சரிவுகளில் வாழ்வோரின் கூரைகளில் என்ன நடக்கும் என்பதே நாம் இங்கு எழுப்ப விரும்பும் கேள்வி. இது பொழுதுபோக்கு சம்பந்தப்பட்ட கேள்வி மட்டுமல்ல. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன் அறைகள் மண்ணுக்குள் புதையுண்டன. அவ்விடம் ஆபத்தானது என 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரிக்கப்பட்டிருந்தும் மக்கள் அங்கேயே வாழ்ந்தனர். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளி நாட்டில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தபோது, கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. எச்சரிக்கைகள் தமிழில் உரிய வேளையில் கிடைக்கவில்லை என்ற குறை அப்போதும் பரவலாக எழுந்தது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் தமிழர். பதுளை, வெலிமடை, பண்டாரவளை நகரங்களிலும் குருத்தலாவ போன்ற ஊர்களிலும் வாழும் முஸ்லிம்களுக்கும் தமிழே வீட்டுமொழி. இவர்கள் அனைவரையும் ஒரே நேரத்தில் சென்றடையக்கூடிய சாதனங்களில் தொலைக்காட்சி முக்கியமானது.

ஜப்பானிய முறையில் அவசர எச்சரிக்கை ஒளிபரப்பு என்றொரு வசதி உண்டு. நிலையம் ஒரு குறியீட்டை அனுப்பினால், அதற்கேற்ப அமைக்கப்பட்ட பெட்டி உறங்குநிலையில் இருந்தாலும் விழித்துக்கொண்டு எச்சரிக்கையைத் திரையில் காட்டும். குறிப்பிட்ட ஒரு பிரதேசத்துக்கு மட்டும் அதனை அனுப்பவும் இயலும். ஊவாவுக்கு இதைவிடப் பொருத்தமான வசதி வேறு என்ன இருக்க முடியும்? ஆனால் அலை வந்து சேராத பள்ளத்தாக்கில் இந்த வசதி பெயரளவிலேயே இருக்கும்.

மலைநாட்டில் அலை வந்து சேர்வதிலுள்ள இடர் இலகுவில் புரியக்கூடியது. தொலைக்காட்சி அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை. ரூபவாஹினி தொடங்கப்பட்ட 1982இல் 2,524 மீற்றர் உயரமான பீதுருதாலகால மலையுச்சி ஒளிபரப்புக்குத் தெரிவு செய்யப்பட்டதற்குக் காரணம் இதுவே. ஆனால் பதுளை நகரம் ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் மலைகள் சூழ்ந்த கிண்ணத்துக்குள் இருக்கிறது. பசறைக்கும் மடுல்சீமைக்கும் இடையே ஒரு தோட்டத்தின் மேற்பிரிவுக்குத் தெளிவாகக் கிடைக்கும் அலைவரிசை, அதே தோட்டத்தின் கீழ்ப்பிரிவுக்கு எட்டாமல் போவது அங்குள்ளோர் அறிந்ததே. 2,036 மீற்றர் உயரமான நமுனுகலை போன்ற மலைகள், தமக்கு அப்பாலுள்ள பள்ளத்தாக்குகளின் மீது தம் நிழலை வீழ்த்துகின்றன.

அனலொக் முறையில் அலை பலவீனமானால் திரையில் பனி கொட்டும். மலையில் மோதித் திரும்பும் அலையால் ஓருருவம் ஈருருவமாகத் தெரியும். எனினும் செய்தி காதில் விழும். டிஜிட்டல் முறை அப்படியன்று. தேவையான அளவு அலை கிடைத்தால் படம் மாசற்றதாக இருக்கும். அந்த எல்லைக்குக் கீழே சற்று இறங்கினாலும் படம் சதுரம் சதுரமாக உடைந்து, உறைந்து, பின் திரை இருண்டுவிடும். இன்று அரைகுறையாகப் பார்க்கும் வீடுகளுள் சில நாளை முழுமையாகப் பார்க்கும். சில ஒன்றையுமே பார்க்கா. மோதித் திரும்பும் அலைகளை ஓரளவு தாங்கிக்கொள்ளும் ஆற்றல் புதிய முறைக்கு உண்டு என்பது மலைநாட்டுக்கு நற்செய்தியே. ஆயினும் மலை முற்றாக மறைத்துவிட்ட அலையை எந்தத் தொழில்நுட்பமும் உருவாக்கித் தராது.

இங்கே ஒரு வேறுபாட்டை நாம் தெளிவாக உணர வேண்டும். கூரையில் சரிசெய்யக்கூடிய குறை ஒன்று. கூரையில் எவ்வளவு முயன்றாலும் தீராத குறை மற்றொன்று. ஒரே லயனில் பக்கத்துக் காம்பராவுக்குப் படம் கிடைத்து நமக்குக் கிடைக்காவிட்டால் குறை நம்மிடமே. பெரும்பாலும் அது வயரிலும் பொருத்துகளிலுமே இருக்கும். மழையும் பனிமூட்டமும் நிறைந்த ஊரில், கையால் முறுக்கி ஒட்டுநாடா சுற்றிய இணைப்புக்குள் நீர் இறங்கும். மழை நாளில் மட்டும் படம் கெடுமானால் முதலில் அதனையே சந்தேகிக்க வேண்டும். பழைய தட்டை வயரை அகற்றி, 75 ஓம் வட்டவயரை இணைப்பின்றி ஒரே துண்டாக இழுப்பது நல்லது. அன்டெனாவை மேலும் உயர்த்துவதைவிட நான்கடி பக்கமாக நகர்த்துவது சில வேளை கூடுதல் பலன் தரும். ஒவ்வொரு முறை திருப்பிய பின்னரும் சில விநாடிகள் காத்திருந்து, திரையில் அலையின் வலுவை மட்டுமன்றி அதன் தரத்தையும் பார்க்க வேண்டும். பூஸ்டர் என்பது வந்த அலையைப் பெருக்குவதே. வராத அலையை அது வரவழைக்காது, இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். அதனைப் பொருத்துவதானால் அன்டெனாவுக்கு அருகிலேயே பொருத்த வேண்டும். இடிமின்னல் வேளையில் இரும்புக் கம்பத்தைத் தொடுவதும், மின்கம்பிக்கு அருகில் கம்பம் நாட்டுவதும் உயிராபத்தானவை.

ஆனால் லயன் முழுவதற்கும் படம் கிடைக்காவிட்டால் தொழிலாளி தனது நாட்கூலியில் எத்தனை பூஸ்டர் வாங்கினாலும் பயனில்லை. அது ஒளிபரப்பு வலையமைப்பின் குறை. அதனைத் தீர்க்கும் பொறுப்பு அரசாங்கத்தையே சாரும். தீர்வுகள் புதியனவும் அல்ல. மலை மறைக்கும் இடங்களில் சிறிய மீள் ஒளிபரப்புக் கருவிகளை அமைக்கலாம்; டிஜிட்டல் முறையில் அவை பிரதான நிலையத்தின் அதே அலைவரிசையிலேயே இயங்கவும் முடியும். இல்லையேல் மேட்டில் ஒரு பொது அன்டெனாவை நிறுவி, வயர் மூலம் லயன்கள் அனைத்துக்கும் பகிர்ந்தளிக்கலாம். மலைகள் நிறைந்த ஜப்பானே தன் கிராமங்கள் பலவற்றில் இம்முறையைக் கையாண்டது. அதற்கும் எட்டாத வீடுகளுக்குச் செய்மதி வழியாகத் தற்காலிக ஒளிபரப்பை 2015 மார்ச் வரை வழங்கியது. 2011 ஜூலை 24ஆம் திகதி நாடெங்கும் அனலொக் நிறுத்தப்பட்டபோது, நிலநடுக்கத்தாலும் ஆழிப்பேரலையாலும் பாதிக்கப்பட்ட இவாதே, மியாகி, புகுஷிமா ஆகிய மூன்று மாகாணங்களுக்கு 2012 மார்ச் 31 வரை அவகாசம் கொடுத்தது. கடன் தரும் நாட்டிடமிருந்து நாம் கருவிகளோடு இந்தப் பொறுப்புணர்வையும் பெற்றுக்கொள்ள வேண்டும்.

தோட்டங்களில்தான் செய்மதித் தட்டுகள் நிறைந்துள்ளனவே எனச் சிலர் கேட்கக்கூடும். தமிழகத்துத் தொடர்களை அவை காட்டும். மடுல்சீமையில் மண் சரியப்போகிறது என்பதை அத்தொடர்கள் சொல்லமாட்டா. கட்டணம் செலுத்தாத மாதத்தில் உள்ளூர் அலைவரிசையும் நின்றுபோகலாம். கடும் மழை வேளையில் செய்மதி அலையும் தடுமாறும். எச்சரிக்கை மிக அவசியமாகும் வேளையும் அதுவே. புயல் முற்றிய பின் மின்சாரம் தடைப்படும் என்பது உண்மை. ஆனால் எச்சரிக்கை மக்களைச் சென்றடைய வேண்டியது அதற்கு முந்திய மணித்தியாலங்களில்.

ஆகவே, ஒளிபரப்புக் கோபுரங்களின் இடங்கள் இறுதி செய்யப்படுமுன் ஊவாவின் பள்ளத்தாக்குகளில் அலைவலுவை நேரில் அளந்து, எந்தத் தோட்டப் பிரிவுக்கு எட்டாது என்ற விபரத்தைத் தமிழிலும் வெளியிட வேண்டும். மீள் ஒளிபரப்புக் கருவிகளுக்கும் பொது அன்டெனாக்களுக்கும் தேவையான காணியை வழங்கத் தோட்டக் கம்பனிகள் முன்வர வேண்டும். விற்கப்படும் பெட்டிகள் அனைத்தும் அவசர எச்சரிக்கையை ஏற்கக்கூடியனவாகவும், அந்த எச்சரிக்கை சிங்களத்துடன் ஒரே நேரத்தில் தமிழிலும் தோன்றுவதாகவும் இருக்க வேண்டும். வறிய குடும்பங்களுக்குப் பெட்டியின் விலையில் உதவி தேவை. இவை நிறைவேறும் வரை மலையகத்தில் அனலொக் ஒளிபரப்பை நிறுத்தலாகாது.

மலையக மக்கள் பிரதிநிதிகளும் முஸ்லிம் மக்கள் பிரதிநிதிகளும் இவ்விடயத்தை இப்போதே பாராளுமன்றத்தில் எழுப்ப வேண்டும். கோபுரங்கள் எழுந்த பின்னர் இடத்தை மாற்றக் கோருவதைவிட, வரைபடம் மேசையில் இருக்கும்போதே பள்ளத்தாக்குகளைச் சுட்டிக்காட்டுவது இலகுவானது.