இறால் ஆகாதவருக்கு ஸ்கேன் ஊசி ஆகுமா?

சேலம், நாமக்கல் பக்கம் இப்போது "ஸ்கேன் எடுத்தாச்சா?" என்பது சாதாரணக் கேள்வி. 2022-ல் நாமக்கல்லுக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்து விட்டது.

ஸ்கேன் எடுக்கும்போது சிலருக்கு ஓர் ஊசி போடுகிறார்கள். கான்ட்ராஸ்ட் மருந்து என்று பெயர். அதில் அயோடின் இருக்கிறது. அது ரத்தத்தில் ஓடும்போது உடம்பின் உட்பகுதிகள் படத்தில் பளிச்சென்று தெரியும்.

"எனக்கு இறால் தின்றால் உடம்பு தடிக்கும்" என்பார் ஒருவர். "அப்படியா? உனக்கு அயோடின் ஆகாது. ஊசி வேண்டாம்!" என்பார் பக்கத்தில் இருப்பவர்.

இது தவறு!

இறாலில் தொல்லை தருவது அயோடின் அல்ல. அதன் சதையில் உள்ள புரதம். மேட்டூர் அணை மீன் ஒத்துக்கொள்ளாதவருக்கும் அப்படித்தான். அயோடின் உப்பிலேயே இருக்கிறது. தினமும் ரசத்தில் சாப்பிடுகிறோமே!

பிறகு ஏன் சிலருக்கு ஊசியால் அரிப்பும் மூச்சுத் திணறலும் வருகின்றன?

நாய் செத்தது!

1901-ல் மொனாக்கோ இளவரசரின் கப்பலில் ரிஷே, போர்த்தியே என்ற இரு பிரெஞ்சு விஞ்ஞானிகள் போனார்கள். கடல் பிராணிகளின் விஷத்தை ஆராய்ந்தார்கள். ஊர் திரும்பி, நாய்களுக்கு அத்தகைய விஷத்தை ஏற்றினார்கள். முதல் ஊசியைத் தாங்கிய நாய், சில வாரம் கழித்து மிகக் கொஞ்சம் ஏற்றியதுமே செத்தது. ரிஷேக்கு 1913-ல் நோபல் பரிசு கிடைத்தது. (நாய்க்கு என்ன கிடைத்தது என்று கேட்காதீர்கள்.)

உடம்பு முதல் முறை விஷத்தை அடையாளம் கண்டு வைத்துக்கொள்கிறது. மறுமுறை வந்ததும், தோலிலும் மூச்சுக் குழாயிலும் உள்ள காவல் அணுக்கள் வெடித்து, ஹிஸ்டமின் என்ற பொருளைக் கொட்டுகின்றன. அதனால்தான் தடிப்பு, இரைப்பு, மயக்கம்.

ஆனால் ஸ்கேன் ஊசியில் ஒரு வேடிக்கை. முதல் தடவையிலேயே சிலருக்குத் தொல்லை வருகிறது!

திருடனை அடையாளம் கண்டு கத்துகிற காவல்காரன் ஒரு வகை. காற்றில் கதவு ஆடினாலும் கத்துகிறவன் இன்னொரு வகை. பலருக்கு இந்த இரண்டாவது வகைதான். மருந்து காவல் அணுவை நேராகவே உசுப்பி விடுகிறது. சிலருக்கு மட்டும் ரிஷே கண்ட வகை.

10,000-ல் எத்தனை பேர்?

ஜப்பானில் 3,37,647 ஊசிகளைக் கணக்கெடுத்து 1990-ல் வெளியிட்டார்கள். கடுமையான தொல்லை பழைய வகை மருந்தில் 10,000-க்கு 22. புதிய வகையில் 4. இன்று பெரும்பாலும் புதிய வகையே போடுகிறார்கள்.

ஊசி ஏறும்போது உடம்பு சூடாவது சகஜம். பயம் வேண்டாம். கடுமையான தொல்லை பெரும்பாலும் அரை மணிக்குள் வரும். ஆகவே உடனே பஸ்ஸுக்கு ஓடாதீர்கள். மூச்சுத் திணறினால் தொடையில் போட அட்ரினலின் ஊசி இருக்கிறது. சிலருக்குச் சில நாள் கழித்தும் தடிப்பு வருவதுண்டு.

முன்பு ஊசி ஒத்துக்கொள்ளவில்லையா? மறைக்காதீர்கள். ஆஸ்துமா இருந்தாலும் சொல்லுங்கள்.

சீட்டில் "அயோடின் அலர்ஜி" என்று எழுதித் தருவது உண்டு. அதனால் யாருக்கு லாபம்? நாளை மாரடைப்பு என்று போனால், அந்த இரண்டு சொல்லைப் பார்த்து டாக்டர் தயங்குவார். எந்த மருந்து, எந்தத் தேதி, என்ன ஆயிற்று என்று எழுதி வாங்குங்கள். பெயர் தெரிந்தால் வேறு கான்ட்ராஸ்ட் மருந்துக்கு மாற்றிப் போட வழி உண்டு.