கணகணப்புக்கு வாடகையா?

உட்காரும் இடத்துக்குச் சூடு வேண்டும் என்று ஒரு மனிதர் பணம் செலவழித்தார். அது நியாயந்தான் என்று வாதாடப் போகிறேன். சித்திரை வெயிலில் நிறுத்திய ஸ்கூட்டர்மேல் ஏறி உட்கார்ந்து துள்ளிக் குதித்த சென்னை வாசகர்கள், எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைக்கலாம். நமக்குத்தான் சூரிய பகவான் அந்தச் சேவையை இலவசமாகவே செய்து வருகிறாரே!

ஆனால் இது நம் ஊர்ச் சங்கதி அல்ல. அமெரிக்காவின் வடகோடியில், சுப்பீரியர் ஏரிக்கரையில் இருக்கும் டுலூத் நகரத்துச் சங்கதி. அங்கே குடித்தனம் செய்யும் என் மகள் வற்புறுத்தி அழைத்ததன்பேரில் ஒரு மார்கழியில் போய் மாட்டிக்கொண்டேன். அந்த மினசோட்டா மாநிலத்தில் டவர் என்கிற ஊரில், 1996-ம் வருஷம் பிப்ரவரி 2-ந் தேதி, பூஜ்யத்துக்குக் கீழே 51 டிகிரி ஸெல்ஷியஸ் குளிர் பதிவாகியிருக்கிறது. நான் போனபோது அவ்வளவு மோசமில்லை. பூஜ்யத்துக்குக் கீழே 25 தான். மூக்கு என்று ஒரு உறுப்பு எனக்கு இருப்பதை, அது மரத்துப் போன பிறகுதான் உணர்ந்தேன்.

பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற தச்சர். எழுபதைத் தாண்டியவர். அவரிடம் 1992-ம் வருஷத்துப் போர்டு பிக்கப் வண்டி ஒன்று உண்டு. முன்புறம் மூன்று பேர் உட்காரக்கூடிய ஒரே நீளப் பெஞ்சு. பின்புறம் சாமான் ஏற்றத் திறந்த தொட்டி. அவருடைய மனைவிக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிஸிஸ். நாலு மணி நேரம் உடம்பிலுள்ள ரத்தமெல்லாம் யந்திரத்துக்குள் போய்த் திரும்பி வந்த பிறகு, அந்த அம்மாள் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு வெளியே வருவாராம். சாதாரண நாளிலேயே இந்த நோயாளிகளுக்குக் குளிர் தாங்காது. வெளியே காத்திருக்கும் வண்டியோ பனிக்கட்டி. வண்டியில் ஹீட்டர் இல்லாமலில்லை. ஆனால் அது எஞ்சினைச் சுற்றி ஓடும் நீரின் சூட்டைக் கடன் வாங்கி வீசுகிற ஹீட்டர். எஞ்சின் சூடேறுகிற வரையில் அதிலிருந்து வருவதும் ஊதல் காற்றுத்தான்.

கிழவர் ஒரு மோட்டார் ஷோரூமுக்குப் போய் யோசனை கேட்டார். "இந்தப் பழங்காலத்து வண்டியைத் தலைமுழுகுங்கள். புது வண்டியில் இருக்கையே சூடாகும்" என்றார்களாம். புது வண்டியின் விலை 50,000 டாலருக்கு மேல். 84 மாதத் தவணையும் உண்டாம். நோயாளி மனைவியை வைத்துக்கொண்டிருக்கும் எழுபது வயதுக்காரருக்கு ஏழு வருஷக் கடன்! உபகாரிகள்!

அவர் கடன் வாங்கவில்லை. இரண்டு இருக்கைக்குமாக நூற்றுச் சொச்சம் டாலருக்குக் கணப்பு விரிப்புகளைத் தருவித்தார். இதைக் கேட்டு என் மாப்பிள்ளை சிரித்தார். "மாமா, அந்த வண்டியை விற்றால் இரண்டாயிரம் டாலர் தேறாது. அதற்கு இப்படி ஒரு சிங்காரமா?"

இந்தச் சிரிப்பை எதிர்த்துத்தான் இந்தக் கட்டுரை. சந்தையில் ஒரு பொருள் என்ன விலைக்குப் போகும் என்பது விற்கிறவனுக்கு வேண்டிய கணக்கு. அதை விற்கப் போகாதவனுக்கு அந்தக் கணக்கு எதற்கு? வாரத்துக்கு ஆறு தடவை, போக மூன்று வர மூன்று, அந்த வண்டி ஓர் உயிரைச் சுமந்து செல்கிறது. அதன் மதிப்பை எந்த ஷோரூமில் போய் விசாரிப்பது?

ஒரு சனிக்கிழமை வேலை ஆரம்பமாயிற்று. டார்ச் விளக்குப் பிடிக்கும் உத்தியோகம் எனக்கு. பெஞ்சைத் தரையோடு பிணைத்திருந்த போல்ட்டுகள், சாலையில் பனி உருகத் தூவும் உப்பினால் துருவேறியிருந்தன. முதல் நாளே எண்ணெய் விட்டு ஊற வைத்திருந்தார். முதலில் பாட்டரி இணைப்பைக் கழற்றினார். பிறகு பெஞ்சைத் தூக்கிக் கொட்டகைக்குள் கொண்டுபோய், உறையைப் பிணைத்திருந்த கம்பி வளையங்களை ஒவ்வொன்றாக நறுக்கினார். குளிரில் விறைத்த உறை வெடித்துவிடும், பசையும் பிடிக்காது என்பதற்காகக் கொட்டகையை முன்கூட்டியே சூடாக்கியிருந்தார். நுரைமெத்தையின்மேல் கரி இழையால் ஆன விரிப்பை, முதுகுக்கு ஒன்று, உட்காருமிடத்துக்கு ஒன்றாக, ஒரு மடிப்பும் விழாமல் ஒட்டினார். மடிப்பு விழுந்தால் அந்த இடம் மட்டும் அதிகமாகக் காயும் என்று எனக்குப் பாடம் சொன்னார்.

அடுத்தது மின்சாரம். ஓர் இருக்கைக்குச் சுமார் 60 வாட். வண்டியின் முன்விளக்கு ஒன்று தின்கிற மின்சாரத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஆனாலும் ரேடியோவுக்குப் போகும் மெல்லிய கம்பியில் அவர் கை வைக்கவில்லை. பாட்டரியிலிருந்தே தனிக் கம்பி இழுத்து, பாட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃப்யூஸ் போட்டார். நடுவே ஒரு ரிலே. சாவியைத் திருப்பினால்தான் அது வேலை செய்யும். மறந்துபோய் ஸ்விட்சை அணைக்காமல் இறங்கினாலும் பாட்டரி தீர்ந்து போகாது. எர்த் கம்பிக்குப் பெயிண்டைச் சுரண்டி, பளிச்சென்று தெரிந்த இரும்பில் இடம் கொடுத்தார். புதுப்பேட்டையில் இதே சிரத்தையைப் பல தடவை பார்த்திருக்கிறேன். பாஷை வேறு, கை ஒன்றுதான்.

இந்தக் கிழவரின் சனிக்கிழமைக்குப் பக்கத்தில் இன்னொரு கதையை வைத்துப் பாருங்கள். 2022-ம் வருஷம் பி.எம்.டபிள்யூ. கம்பெனி, தென் கொரியா முதலிய தேசங்களில், இருக்கைச் சூட்டுக்கு மாதச் சந்தா வசூலிக்க முற்பட்டது. கொரியாவில் மாதம் சுமார் 18 டாலர். ஒரேயடியாகப் பணம் கட்டவும் வழி வைத்திருந்தார்கள்; அதை மறைக்கக்கூடாது. ஆனால் விஷயம் என்ன? சூடேற்றும் கம்பி ஏற்கெனவே இருக்கைக்குள் இருக்கிறது. வண்டிக்காரர் அதைத் தம் வண்டியிலேயே சுமந்துகொண்டு திரிகிறார். சந்தா கட்டினால்தான் அது உயிர் பெறும்! பசுவை விற்றுவிட்டு, மடிக்குப் பூட்டுப் போட்டு, சாவியைத் தரகர் தம் இடுப்பில் சொருகிக்கொண்டு போன கதை. ஜனங்கள் காறித் துப்பினார்கள். 2023-ல் கம்பெனி அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. சந்தோஷம். ஆனால் ஒரு தடவை மனத்தில் முளைத்த ஆசை அவ்வளவு சுலபத்தில் பட்டுப் போகுமா? இருக்கை இல்லாவிட்டால் இன்னொன்று.

சூடேறும் இருக்கை நேற்றுப் பிறந்த அதிசயமும் அல்ல. 1966-லேயே காடிலாக் கார்களில் விரும்பியவர்களுக்கு அதைப் பொருத்திக் கொடுத்தார்கள். வாங்கியவர் பணம் கொடுத்தார், சூடு அவருடையதாயிற்று. கணக்கு அத்துடன் தீர்ந்தது.

எதிர்க்கட்சிக்காரர்கள் சொல்வதில் நியாயமே இல்லையா? இருக்கிறது. மலிவான விரிப்புகளில் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் சாதனம் சரியாக இராது. தொடையில் உணர்ச்சி குன்றியவர்கள், முதுகுத்தண்டில் அடிபட்டவர்கள், என்னைப் போன்ற பழைய சர்க்கரை வியாதிக்காரர்கள், சுடுவது தெரியாமலே வெந்து போகக்கூடும். கிழவர் இதை ஆஸ்பத்திரியில் கேட்டுத் தெரிந்துகொண்டு, தாமே சூட்டைத் துண்டிக்கும் விரிப்பாகப் பார்த்து வாங்கினார். புதிய வண்டிகளிலோ இருக்கையின் பக்கத்தில் காற்றுப் பை இருக்கிறது; ஆள் உட்கார்ந்திருப்பதை அறியும் கருவி மெத்தைக்குள்ளேயே இருக்கிறது. அதன்மேல் கண்டதை ஒட்டினால் உயிருக்கே ஆபத்து. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஆபத்து இருக்கிறது என்பதிலிருந்து என்ன முடிவுக்கு வருவது? 'விவரத்தைச் சொல்லிக் கொடு' என்பது ஒரு முடிவு. 'கையைக் கட்டிப் போடு' என்பது இன்னொரு முடிவு. வியாபாரிகளுக்கு எப்போதும் இரண்டாவதுதான் பிடிக்கிறது. மாஸசூஸெட்ஸ் மாநிலத்து ஜனங்கள் 2012-ல் வோட்டுப் போட்டு, மோட்டார் கம்பெனிகள் பழுது பார்க்கும் விவரங்களை வெளிக் கடைக்காரர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார்கள். மினசோட்டாவிலும் 2023-ல் ஒரு சட்டம் செய்தார்கள். டெலிபோன், கம்ப்யூட்டர் முதலியவற்றைப் பழுது பார்க்கும் உரிமையைக் காப்பாற்றும் சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் மோட்டார் வண்டிகளுக்கு அதில் இடமில்லை, வாசற்படியிலேயே நிறுத்திவிட்டார்கள்!

திங்கட்கிழமை அந்த அம்மாளுக்கு ஆஸ்பத்திரி நாள். வழித்துணையாக நானும் போனேன். திரும்பும்போது அவரைப் பெஞ்சில் ஏற்றிவிட்டு, கிழவர் சாவியைத் திருப்பி ஸ்விட்சைத் தட்டினார். ஹீட்டர் இன்னும் பனியை ஊதிக்கொண்டிருந்தது. ஓரிரண்டு நிமிஷம் போயிருக்கும். போர்வைக்குள் இறுக மூடியிருந்த அம்மாளின் விரல்கள் மெல்லத் தளர்ந்தன. ஒன்றும் பேசவில்லை. கணவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் சாலையைப் பார்த்தபடி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "நீங்கள் வாங்கியிருக்கிற புது வண்டியில் ஏதாவது ஒன்று பழுதானால், திறந்து பார்க்க உங்களுக்கு அதிகாரம் உண்டா?"

அவர் சிரிக்கவில்லை. புத்தகத்தைப் பார்க்க வேண்டும் என்றார். பார்க்கட்டும். வாசகர்களும் எதையாவது வாங்குமுன், விலையைக் கேட்ட கையோடு இந்தக் கேள்வியையும் கேட்டு வையுங்கள். வியாபாரி பதில் சொல்லத் திணறினால், அவர் உங்களுக்குப் பொருளை விற்கவில்லை, வாடகைக்குத்தான் விடுகிறார் என்று தெரிந்துகொள்ளலாம்.