ஆட்டத்துக்குப் போனால் கூலி போகலாமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் காலை ஷிப்டு முடிகிறது. இளைஞர்கள் வெளியே வருகிறார்கள். சிலர் நேரே வீட்டுக்குப் போவதில்லை, மைதானத்துக்குப் போகிறார்கள். கோடு போடுகிறார்கள். "கபடி, கபடி" என்ற சத்தம் எழுகிறது.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊரில் பந்தயம். கோப்பை உண்டு, ரொக்கமும் உண்டு. ஆனால் அன்றைக்கு ஷிப்டு போட்டுவிட்டால்?

வேலைக்குப் போனால் ஆட்டம் போயிற்று. ஆட்டத்துக்குப் போனால் கூலி போயிற்று. கால் முறிந்தாலோ, மாதச் சம்பளமே போயிற்று!

இங்கிலாந்தில் நடந்தது

இந்தச் சங்கடம் புதிது அல்ல. இங்கிலாந்தின் வடபகுதியில் ஆலைத் தொழிலாளிகளும் சுரங்கத் தொழிலாளிகளும் ரக்பி ஆடினார்கள். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவார்கள். எதிர் அணியினர் கட்டிப் பிடித்துச் சாய்ப்பார்கள். நம் சடுகுடுவைப் போல அதுவும் உடம்பைப் பணயம் வைக்கும் ஆட்டம்தான்.

சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனால் கூலி வெட்டு. "இழந்த கூலியையாவது கொடுங்கள்" என்று வடக்குச் சங்கங்கள் கேட்டன. தலைமைச் சங்கம் மறுத்தது. காசு வாங்கி ஆடுவது இழுக்காம்! வயிற்றுக் கவலை இல்லாதவர்கள் சொன்ன நியாயம் அது.

1895 ஆகஸ்டு 29-ந் தேதி வடக்குச் சங்கங்கள் ஹடர்ஸ்பீல்டு நகரில் கூடின. தனிச் சங்கம் கண்டன. இழந்த வேலைக்கு நாள் ஒன்றுக்கு 6 ஷில்லிங் வரை கொடுக்கலாம் என்றன. அதுதான் பின்னர் "ரக்பி லீக்" ஆயிற்று.

1898-ல் ஆட்டத்துக்கே சம்பளம் வந்தது. ஆனால் ஒரு நிபந்தனை: ஆட்டக்காரருக்கு வேறு வேலையும் இருக்க வேண்டும்!

நம் வீரர்கள்

தூத்துக்குடி மாவட்டம் மணத்தி கிராமத்துக் கணேசன், 1994-ல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற கபடி அணியில் ஆடினார். 1995-ம் ஆண்டுக்கான அர்ச்சுனா விருது பெற்றார். அவருக்கு மின்வாரியத்தில் வேலை கிடைத்தது.

தஞ்சை மாவட்டத்துச் சேரலாதன் 2016-ல் பாட்னா அணிக்குத் தலைமை தாங்கிப் புரோ கபடிக் கோப்பையை வென்றார். அப்போது அவருக்கு வயது 41!

ஆனால் எல்லோரும் சேரலாதன் ஆக முடியுமா? 2022-ல் பவன் செராவத் என்ற வீரரைத் தமிழ் தலைவாஸ் அணி 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு ஏலம் எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடி. அந்தப் பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. பிறகு தேறி வந்தார். 2023-ல் ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குத் தலைமை தாங்கித் தங்கமும் வென்றார்.

கோடி பெறும் வீரருக்கு மருத்துவர் உண்டு. காத்திருக்க நேரமும் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளிக்கு என்ன உண்டு?

செய்ய வேண்டியது

மாவட்ட அணிக்கு ஆடப் போகும் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு விடுப்பு கொடுங்கள். ஆலை முதலாளிகளுக்கு இது பெரிய செலவு அல்ல. நல்ல ஆட்டக்காரருக்கு நிரந்தர வேலையும் கொடுக்கலாம்.

பந்தயம் நடத்துவோரே! கோப்பையின் உயரத்தைக் கொஞ்சம் குறையுங்கள். அந்தப் பணத்தில் முதலுதவிக்கு ஆள் வையுங்கள். காயம்பட்டவரைத் தூக்கிச் செல்ல வண்டி வையுங்கள்.

தம்பிகளே! உங்களுக்கும் ஒரு வார்த்தை. இ.எஸ்.ஐ. அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். மைதானத்தில் பட்ட அடிக்கும் அங்கே வைத்தியம் உண்டு. உரிய காலம் சந்தா செலுத்தியிருந்தால், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு ஆண்டில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் கிடைக்கும். படிப்பையும் கைத்தொழிலையும் விடாதீர்கள். அரசு வேலையில் விளையாட்டு வீரருக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதற்கும் படிப்பு வேண்டும்.

கபடியில் மூச்சு அடங்குவதற்குள் கோட்டைத் தொட வேண்டும். வாழ்க்கையில், உடம்பில் வலு இருக்கும்போதே ஒரு வேலையைத் தொட்டுவிட வேண்டும். அந்தக் கோட்டை அவர்களுக்கு எட்டும் தூரத்தில் போட்டுக் கொடுப்பது நம் எல்லோருடைய கடமை.