விதைக்கு அட்டை உண்டு, புற்றுநோய்ச் செல்லுக்கு?

அடி அண்ணாமலையில் கூடும் எங்கள் அறிவியல் மன்றத்தின் நிலைப்பாடு இது: மக்கள் பணத்தில் நடக்கும் புற்றுநோய் ஆய்வு எதுவாயினும், பயன்படுத்திய செல்களின் மரபணு நிலையைச் சோதித்துச் சொன்ன பிறகே முடிவை வெளியிட வேண்டும்.

கிரிவலப் பாதையில் இருக்கும் எங்களுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். எங்கள் ஊரார் அடையாறுக்கும் வேலூருக்கும் ஜிப்மருக்கும் சிகிச்சைக்குப் போய் வருகிறார்கள். ‘புற்றுநோய்க்குப் புது மருந்து’ என்று செய்தி வந்த மறுநாள், பேப்பரை மடித்து எடுத்துவந்து, “இது நமக்கு எப்போ கிடைக்கும்?” என்று கேட்கிறார்கள். அந்தச் செய்திகளில் பல, குடுவையில் வளர்த்த செல்களோடு நின்றுபோனவை.

குடுவையின் அடியில் ஒட்டி, இளஞ்சிவப்பு ஊட்டநீரில் செல்கள் பெருகும். இடம் நிறைந்ததும் டிரிப்சின் என்ற நொதியை விட்டுக் கழற்றி, ஒரு பங்கைப் புதுக் குடுவைக்கு மாற்றுவார்கள். வருடக்கணக்கில் இதே வேலை. புற்றுநோய்ச் செல்லின் மரபணு முதலிலேயே நிலையற்றது. ஒவ்வொரு மாற்றத்திலும் வேகமாகப் பெருகுவதே முந்திக்கொள்ளும். 1951இல் ஹென்றியேட்டா லாக்ஸிடமிருந்து எடுத்த ஹீலா செல்லில் இன்று 70க்கு மேல் குரோமோசோம்கள். மனிதருக்கு 46தான்.

2018இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு எங்களை உலுக்கியது. எம்.சி.எஃப்-7 என்ற ஒரே மார்பகப் புற்றுநோய்ச் செல் வரிசையின் 27 கிளைகளில் 321 மருந்துப்பொருள்களைச் சோதித்தார்கள். சில கிளைகளை வலுவாக அடக்கிய பொருள்களில் முக்கால் பங்கு, வேறு கிளைகளிடம் துளியும் பலிக்கவில்லை. பெயர் ஒன்று, செல் வேறு!

எங்கள் பக்கத்து மணிலா (நிலக்கடலை) விவசாயிக்கு இது புரியும். வீட்டு விதையையே வருடா வருடம் போட்டால் கலவன் ஏறும். அதனால்தான் ஆதார விதைக்கு வெள்ளை அட்டை, சான்று விதைக்கு நீல அட்டை. செல்லுக்கும் அப்படி ஓர் அட்டை கேட்கிறோம்: எங்கே வாங்கியது, எத்தனை முறை குடுவை மாற்றியது, ஆய்வின் தொடக்கத்திலும் முடிவிலும் குரோமோசோம்கள் எப்படி இருந்தன. டி.என்.ஏ. அடையாளச் சோதனை மட்டும் போதாது. அது செல் யாருடையது என்று சொல்லும், எவ்வளவு மாறியது என்று சொல்லாது.

செல் ஆய்வே வேண்டாம் என்பதல்ல எங்கள் வாதம்; போலியோ தடுப்பூசிக்கு ஹீலா உதவியது. புனேயின் தேசிய செல் அறிவியல் மையம் செல்களைச் சேமித்து ஆய்வகங்களுக்குத் தருகிறது. அங்கிருந்து வாங்கி உறையவைத்த தொடக்க இருப்புக்கு அடிக்கடி திரும்புங்கள். நிதி தரும் துறைகள் சோதனைச் செலவைத் திட்டத்திலேயே சேர்த்துத் தர வேண்டும்.

பத்திரிகைகளுக்கும் ஒரு வேண்டுகோள்: மருந்து பலித்தது குடுவையில் என்றால், அந்தச் சொல்லைத் தலைப்பிலேயே போடுங்கள்.