தலைகீழாகும் தமிழ்ப்பெயர்

பிறர் கருத்தை அவர் பெயர் கூறி எடுத்தாள்வது புலமையறம். கூறாது எடுத்தாள்வது களவு. இவ்வறத்தை மேலையர் வந்து நமக்குக் கற்பிக்கவில்லை. தமக்கு முன்னிருந்த இலக்கணப் புலவர்தம் கொள்கைகளைக் கூறுமிடந்தோறும் 'என்ப' என்றும் 'மொழிப' என்றும் அவர்மேல் வைத்தே உரைத்தார் தொல்காப்பியர். அவர்க்குப் பின்வந்த உரையாசிரியன்மாரோ தம் கூற்றுக்குச் சான்றாகப் பழம்பாடல்களை நிரல்பட எடுத்துக்காட்டினர். யாப்பருங்கல விருத்தியுரை அங்ஙனம் எடுத்துக்காட்டியிராவிடின், மறைந்துபோன தமிழ்நூல்கள் பலவற்றை இன்று நாம் பெயரளவிற்கூட அறிந்திருக்க மாட்டோம். மேற்கோள் வெற்றுச் சடங்கன்று. மாண்ட நூலையும் வாழ வைக்கும் மருந்து அது.

எனினும் அவ்வுரைகளில் ஒரு குறையுண்டு. பாடலைத் தந்தவர் பலவிடத்தும் நூலின் பெயரைத் தந்திலர். கற்றோர்க்கெல்லாம் அது நெஞ்சில் நிற்பதென்று அவர் கருதினர்; காலம் அதனைப் பொய்யாக்கிற்று. அம்மேற்கோள்கள் எந்நூலின் எப்பகுதியில் உள்ளன என்று தேடிக் கண்டு அடிக்குறிப்பிடுவதற்கு உ. வே. சாமிநாத ஐயர் பட்ட பாடு கொஞ்சமன்று. இடஞ்சுட்டாத மேற்கோள் முகவரியில்லா மடல் போன்றது என்பதை அவர் பதிப்புகளே நமக்கு உணர்த்தும்.

மேலைநாட்டார் இத்துறையில் முறைநூல்கள் வகுத்துள்ளனர். சிகாகோப் பல்கலைக்கழகத்தார் 1906-இல் தம் முறைநூலை வெளியிட்டனர். அமெரிக்க உளவியலார் 1929-இல் சில பக்கங்களில் தொடங்கிய நெறிமுறை இன்று பெருநூலாய் வளர்ந்துள்ளது. மருத்துவ இதழாசிரியர் 1978-இல் வான்கூவர் நகரிற் கூடித் தமக்கென ஒருமுறை கண்டனர். ஓர் ஆய்விதழ் எம்முறையைக் கேட்கின்றதோ அம்முறையிலேயே கட்டுரையை விடுப்பது எழுதுவோர் கடன். காற்புள்ளி எங்கே, அடைப்புக்குறி எங்கே என்பது குறித்து நமக்கு எவரொடும் பூசலில்லை. நம் பூசல் பெயரைப் பற்றியது.

இம்முறைகளுட் பெரும்பாலன, பெயரின் ஈற்றுச்சொல் குடும்பப் பெயர் என்று கொண்டு, அதனை முன்னே தூக்கி வைத்து, எஞ்சியதை முன்னெழுத்தாகக் குறுக்குகின்றன. தமிழர்க்குக் குடும்பப் பெயர் வழக்கம் பெரும்பாலும் இல்லை. கந்தன் மகன் வேலன் 'க. வேலன்' என்று எழுதுங்கால் தீங்கொன்றுமில்லை. பட்டியலில் 'வேலன், க.' என்றே நிற்பான். அவனே அயலார் படிவத்தின் இரு கட்டங்களை நிரப்ப வேண்டித் தன்னை 'வேலன் கந்தன்' ஆக்கிக்கொண்டால், பட்டியலில் 'கந்தன், வே.' என்றாகின்றான். ஆய்ந்தவன் மகன், ஆசிரியன் தந்தை! பெண்மக்கள் நிலை இதனினும் இரங்கத்தக்கது. மணத்திற்கு முன் தந்தை பெயரிலும் மணத்தின்பின் கணவன் பெயரிலும் அவர்தம் உழைப்பு பிளவுண்டு, ஒருவரே இருவராகித் தோன்றுகின்றார்.

இது வெறும் மானச் சிக்கலன்று, வாழ்வுச் சிக்கலுமாகும். யூசின் கார்பீல்டு என்பார் 1964-இல் அறிவியல் மேற்கோளடைவை வெளியிட்ட பின்னர், ஒருவர் கட்டுரையைப் பிறர் எத்துணை முறை சுட்டினர் என்று எண்ணும் வழக்கம் வேரூன்றிற்று. பதவியும் நல்கையும் இன்று அவ்வெண்ணிக்கையை நோக்கியே வழங்கப்படும் இடங்கள் பல. பெயர் சிதறினால் எண்ணிக்கையும் சிதறும்; எண்ணிக்கை சிதறினால் உழைத்தவனுக்கு உரியது கிட்டாது.

ஆங்கிலத்தில்தான் இக்கேடு என்று எண்ணற்க. தமிழிதழிலேயே ஒருவர் ஒருகால் 'க. வேலன்' என்றும், பிறிதொருகால் ஆங்கில எழுத்தொலியைக் கடன்வாங்கிக் 'கே. வேலன்' என்றும் எழுதுகின்றார். அடைவு செய்வோர் அவரை இருவராகவே கொள்வர். தமிழ்ப்பெயர்க்குத் தமிழ் முன்னெழுத்து என்பது பற்றின்பாற்பட்டது மட்டுமன்று. நூலடைவின் ஒழுங்கும் அதனையே வேண்டுகின்றது.

நான்கு இலக்கம் மக்களும் இல்லாத ஐசுலாந்தைப் பாருங்கள். அங்கும் பெரும்பாலோர்க்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை அல்லது தாய் பெயரொடு 'மகன்', 'மகள்' என்னும் பொருட்சொல் சேர்ந்தே வரும். அவர்கள் தம் வழக்கை விட்டுக்கொடுத்திலர். ஐசுலாந்தார் பெயர் இயற்பெயரின்கீழேயே அடைவு செய்யப்படுகின்றது. அச்சிறு நாட்டார்க்குக் கிட்டிய மதிப்பு, கோடிக்கணக்கான தமிழர்க்கு ஏன் கிட்டலாகாது? கேளாதது நம் குறை.

ஆகவே ஆய்வு செய்யும் இளையோர்க்குச் சில கூறுவோம். முதற்கட்டுரையிலேயே பெயர்வடிவை உறுதி செய்க, பின்னர் மாற்றற்க. குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தில் இயற்பெயரையும், மற்றதில் முன்னெழுத்தையும் இடுக. 2012 முதல் வழங்கப்பட்டு வரும் ஓர்க்கிடு என்னும் 16 இலக்க ஆய்வாளர் எண்ணைக் கட்டணமின்றிப் பெறலாம். பெற்றுக் கட்டுரைதோறும் குறிக்க. பெயர் எவ்வாறு திரிந்தாலும் ஆளை அவ்வெண் காட்டிக்கொடுக்கும்.

நூலைச் சுட்டுதற்கும் இவ்விழிப்பு வேண்டும். பக்கவெண் பதிப்புக்குப் பதிப்பு மாறும். ஆதலாற் புறநானூற்றைப் பாட்டெண்ணாலும், சிலப்பதிகாரத்தைக் காதையும் அடியெண்ணும் கொண்டும் சுட்டுக. தொல்காப்பிய நூற்பாவெண் உரைக்கு உரை வேறுபடும்; குறள் வைப்புமுறையிலும் மணக்குடவரும் பரிமேலழகரும் வேறுபடுவர். எவ்வுரையைத் தழுவினீர் என்பதையும் கூறுக. பதிப்பாண்டும் இன்றியமையாதது. கால்டுவெலாரின் ஒப்பிலக்கணம் 1856-இல் வெளிவந்து, 1875-இல் விரிவுற்று, 1913-ஆம் ஆண்டுப் பதிப்பிற் சில பகுதிகள் நீக்கப்பெற்றது. ஆண்டு குறியாமல் 'கால்டுவெல் கூறினார்' எனின், படிப்போன் எந்நூலிற் சென்று தேடுவான்?

வேதாசலம் என்ற பெயரில் வெளிவந்தவையும் மறைமலையடிகள் என்ற பெயரில் வெளிவந்தவையும் ஒருவர் நூல்களே. சூரியநாராயண சாத்திரியாரும் பரிதிமாற் கலைஞரும் ஒருவரே. நூலில் அச்சிட்ட பெயரைத் தந்து, மற்றதற்குக் 'காண்க' என்று வழிகாட்டுதல் அடைவு செய்வோர் கடமை. இல்லையேல் தமிழ்ப்பெயர் பூண்ட சான்றோரும் பட்டியலில் இரண்டாய்ப் பிளவுறுவர்.

இலத்தீன் குறுக்கங்களுக்கும் நாம் ஏங்க வேண்டுவதில்லை. 'மேலது', 'முற்சுட்டிய நூல்', 'ஒப்புநோக்குக' என்னும் சொற்கள் நம்மிடம் உள. நம் ஆய்வேடுகளில் வழங்கியும் வருகின்றன.

தமிழாய்விதழ் நடத்துவோர்க்கு ஒரு வேண்டுகோள். அயலார் முறைநூலைப் பெயர்த்துவைத்து அமைதி கொள்ளாதீர். தமிழ்ப்பெயர்க்கும் தமிழ்நூற்கும் ஏற்ற முறையொன்றை ஒன்றுகூடி வகுத்து, இதழ்தோறும் ஒருபடித்தாய்க் கைக்கொண்டு, உலக ஆய்விதழ்களுக்கும் எழுதித் தெரிவியுங்கள். பிறர் பெயரை நாம் திரிக்கலாகாது. நம் பெயரைப் பிறர் திரிக்க விடலும் ஆகாது. பெயர் பிழைத்தால் உழைப்புப் பிழைக்கும்!